டீ போட்டவர் பெயர்

போன மாதம் ஒரு நாள் காலை, நான் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தபோது பூஜா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் அவள். டெல்லியின் மேற்கு ஓரத்தில், இன்னும் கொஞ்சம் போனால் ஹரியானா என்கிற இடத்தில் எங்கள் அலுவலகம். விவசாயிகளுக்கு அரசு வருடத்துக்கு மூன்று தவணையாக வங்கிக் கணக்கில் போடுகிறதே உதவித்தொகை, அதற்கு அந்தப் பகுதி ஊர்களில் யார் தகுதியானவர், யார் இல்லை என்று நேரில் பார்த்துப் பட்டியல் போடுவது எங்கள் வேலை.

"மேம், டூர் டைரியில கடைசில ஒரு கட்டம் இருக்கு. 'டீ போட்டவர் பெயர்'னு. இது எதுக்கு? எந்த விதியிலயும் இல்ல. பழைய சர்க்குலர் எல்லாம் தேடிப் பாத்துட்டேன்" என்றாள்.

இன்னும் இரண்டு மாதத்தில் எல்லாம் மொபைல் ஆப்பில்தானாம். விவசாயி தன் முகத்தைக் காட்டினால் போதும், ஊருக்கே போக வேண்டாம். டைரியில் எந்தெந்தக் கட்டங்களை ஆப்பில் சேர்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அவளிடம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.

"இத எடுத்துரலாம்லா மேம்?"

"எடுத்துராதே!" என்று கத்தியேவிட்டேன். "அந்தக் கட்டம் வந்ததே என்னாலதான். ரெண்டு நாள் பொறு, எழுதி அனுப்புதேன்."

பூஜாவுக்கு ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். ஆனால் அலுவலக ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதினால் அதில் நான் இருக்கவே மாட்டேன். நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் நாலு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், நானும் நழுவிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை நழுவவில்லை. ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் பேச்செல்லாம் நடந்தது இந்தியில். எனக்கு வருகிற தமிழ் தென்காசித் தமிழ்தான். ஆகவே இமயமலைப் பக்கம் கட்வாலில் பிறந்த என் மேலதிகாரி இந்தக் கட்டுரையில் தென்காசிக்காரரைப் போலப் பேசுவார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஆரம்ப வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பரீட்சை எழுதி, வேலை கிடைத்து, இருபத்து மூன்று வயதில் கோல் மார்க்கெட்டில் சித்தப்பாவின் குவார்ட்டர்ஸில் வந்து இறங்கினேன். எனக்கு இந்தி சொல்லிக்கொடுத்தவர்கள் அங்கிருந்த காய்கறிக்காரர்கள். அதனால் வெகு காலம் என் இந்தியில் பேரம் பேசுகிற தொனி இருந்தது. தலைமை அலுவலகத்தில் பதினெட்டு வருடம் ஃபைல் கட்டினேன், பிரித்தேன், மறுபடி கட்டினேன். நடுவில் கல்யாணம், மோதி பாக்கில் வீடு, ஒரு மகள். பிறகு பதவி உயர்வு கொடுத்துக் கிராமப்புற அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "டெல்லியில ஏது வயலு?"

இருக்கிறது. கோதுமை, கடுகு, காலிஃபிளவர். கல்யாணம் நடத்த வாடகைக்கு விடும் பண்ணை வீடுகளின் நீண்ட மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் பச்சைப் பசேலென்று இருக்கும். தலைக்கு மேல் விமானம் தாழப் பறக்கும், கீழே ஒருவர் கடுகுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார். மெட்ரோ, பஸ், அதற்குப் பின் ஷேர் ஆட்டோ என்று மூன்று மாறி அங்கே போய்ச் சேருவேன். அந்தப் பயணத்தைப் பற்றி நான் ஒரு நாளும் புலம்பியதில்லை. ஃபைலில் பெயராக மட்டுமே பார்த்தவர்களை நேரில் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அங்கே எனக்கு மேலதிகாரி நேகி சார். ஒல்லியான மனிதர். ஒரே சாம்பல் நிற ஸ்வெட்டர். அக்டோபரில் போட்டால் ஏப்ரலில்தான் கழற்றுவார். ஃபைலை உட்கார்ந்து படிக்க மாட்டார். ஜன்னலோரம் நின்றபடி, ஒரு காலை இன்னொரு காலால் சொறிந்துகொண்டு படிப்பார். பிடிக்காத இடத்தில் பென்சிலால் மெல்லிய வட்டம் போட்டு, ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதி அனுப்புவார். அந்த ஒரு சொல்லைப் பார்த்தால் அலுவலகத்தில் பாதிப் பேர் ஃபைலை முதலிலிருந்து மறுபடி படிப்பார்கள். போய் நின்றால் திட்ட மாட்டார், திட்டினால்கூடத் தேவலை. "'தீர விசாரித்ததில்'னு எழுதியிருக்கீங்க வடிவு ஜி. யார் யாருகிட்ட விசாரிச்சீங்க? எவ்வளவு நேரம்? நின்னுட்டா, உக்காந்துட்டா?" என்று கேட்பார். பதில் சொல்லி முடிக்கும்போது நாமே அந்தத் 'தீர' என்ற சொல்லை அடித்துவிடுவோம்.

டூர் டைரி விஷயத்தில் அவர் படுத்திய பாட்டைச் சொல்லி முடியாது. போன ஊர், போன நேரம், திரும்பிய நேரம், சந்தித்தவர்கள், பார்த்த வயல்களின் எண்கள் என்பதெல்லாம் எல்லா அலுவலகத்திலும் உண்டு. எங்கள் டைரியில் அவர் ஸ்கேல் வைத்துக் கையால் கோடு இழுத்துச் சேர்த்த ஒரு கட்டம் இருந்தது: 'தண்ணீரோ டீயோ குடித்த இடம்.' புதிதாக வந்தவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான். அவரிடமே ஒரு நாள் கேட்டேன்.

"நாம எந்த வீட்டுல டீ குடிக்கோமோ, அந்த வீட்டு வாசல்ல இருந்துதான் ஊரப் பாப்போம். குடிக்காதீங்கன்னு சொல்லல. குடிச்சத எழுதுங்க" என்றார்.

இனி, பட்டியல் போடும் முறையைச் சொல்ல வேண்டும். இது தெரியாவிட்டால் என் தப்பு என்னவென்று புரியாது. ஒரு குடும்பத்துக்கு ஓர் உதவித்தொகை. குடும்பம் என்றால் கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தாலும் அவரவர் பெயரில் நிலம் இருந்தால் இரண்டு குடும்பம். கணவன் இறந்து நிலம் மனைவி பெயருக்கு வந்திருந்தால் அவள் தனிக் குடும்பம். பட்வாரி, அதாவது நிலப் பதிவேடு வைத்திருக்கும் கிராமக் கணக்கர், பெயர்களைக் கொடுப்பார். நாங்கள் வயலைப் பார்ப்போம். பிறகு பட்டியலை ஊரின் சௌபாலில், பெரியவர்கள் ஹுக்கா பிடித்தபடி கூடியிருக்கும் பொதுக் கட்டடத்தில், உரக்க வாசிக்க வேண்டும். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் அங்கேயே சொல்லலாம். இல்லாவிட்டால் ஐந்து பேரிடம் கையெழுத்து வாங்கி, 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதி நான் கீழே கையெழுத்துப் போடுவேன்.

அந்த வாசிப்பில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. மற்றவர்கள் முணுமுணுவென்று வாசித்து முடித்துவிடுவார்கள். நான் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு வாசிப்பது போல, பெயர், தகப்பன் பெயர், நிலத்தின் எண், அளவு என்று ஒவ்வொன்றாக வாசிப்பேன். என் இந்தியைக் கேட்டுப் பெரியவர்கள் மீசைக்குள் சிரிப்பார்கள். சிரித்தாலும் கேட்பார்கள். அலுவலகத்திலேயே 'பேசவும்' வாங்காமல் திரும்பி வரும் பட்டியல் என்னுடையதுதான் என்று வீட்டில் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டுவேன்.

அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அந்தப் பெண் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. பட்டியலைப் புதுப்பிக்க மூன்று தடவை அந்த ஊருக்குப் போனேன். சௌபாலுக்குப் பக்கத்து வீடு மஹாவீருடையது. நாற்பது வயதைத் தொடும், கல்யாணமாகாத மனிதர், தாயோடு இருந்தார். மரியாதையான பேச்சு. நான் வருவது தெரிந்தால் வாசல் அறையில் ஒரு நாற்காலியைத் துடைத்து, அதில் துவைத்த துண்டு விரித்து வைத்திருப்பார். "மேடம் ஜி, வெயில்ல வந்திருக்கீங்க, டீ குடிச்சிட்டுத்தான் வேல" என்பார். உள்கதவின் திரை விலகும், ஒரு கை தட்டை நீட்டும், அவர் வாங்கி எனக்குத் தருவார். இஞ்சி தூக்கலாக, எருமைப்பால் டீ. டெல்லிக்கு வந்து அப்படி ஒரு டீ நான் குடித்ததில்லை. மூன்று தடவையும் டைரியில் 'மஹாவீர் வீடு' என்று ஒழுங்காக எழுதினேன்.

அவருடைய அண்ணன் சில வருடங்களுக்கு முன் இறந்துபோனார். அண்ணன் மனைவி பிம்லா பெயரில் ஆறு பீகா, அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கர், நிலம் இருந்தது, தனி உதவித்தொகையும் வந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை மஹாவீர் ஒரு மனு கொடுத்தார். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அண்ணன் இறந்தால், அவன் மனைவியின் தலையில் தம்பி சார்பாக ஒரு சாதரை, அதாவது போர்வையைப் போடுவார்கள். அதோடு கல்யாணம் முடிந்தது. ஐயரும் இல்லை, பத்திரிகையும் இல்லை. 'எனக்கும் என் அண்ணிக்கும் சாதர் போட்டாகிவிட்டது. இப்போது நாங்கள் ஒரே குடும்பம். ஆகவே அவர் பெயரைத் தனியாக வைக்க வேண்டாம்' என்று மனுவில் இருந்தது. அரசுப் பணம் ஒன்று குறைகிறது, தானாகவே வந்து சொல்கிறாரே, எவ்வளவு நேர்மையான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். சௌபாலில் வழக்கம்போல உரக்க வாசித்தேன்: "பிம்லா தேவி, நீக்கம். மஹாவீரின் மனைவியாக அவர் குடும்பத்தில் சேர்ப்பு." ஹுக்கா சத்தம் மட்டும் கேட்டது. ஐந்து கையெழுத்து வாங்கினேன். ஆட்சேபணை இல்லை.

நாலு மாதம் கழித்து ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். மோவாய் வரை முக்காடு, கையில் வங்கிப் பாஸ்புத்தகம். கவுன்ட்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஒங்க பேரு ஒங்க வீட்டுக்காரரு குடும்பத்துல சேந்துட்டு" என்று சொல்லியிருக்கிறார். அவள் நேரே என் மேஜைக்கு வந்து நின்றாள். சுற்றிலும் ஆண்கள் இருந்ததால் வாய் திறக்கவில்லை. ரெக்கார்டு அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினேன். அங்கேதான் முக்காட்டை விலக்கினாள்.

"என்ன உங்களுக்குத் தெரியாது மேடம் ஜி. உங்கள எனக்குத் தெரியும். சர்க்கரை கம்மி, இஞ்சி தூக்கலு. மூணு தடவ உங்களுக்கு டீ போட்டது நாந்தான்" என்றாள்.

பழைய ஃபைல் மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தேன்.

"நான் யாருக்கும் பொண்டாட்டி இல்ல. எம் புருஷன் செத்துட்டாரு. அவருக்கு அப்புறம் யாரையும் கட்டல, அதே வீட்டுலதான் இருக்கேன். சாதர் போடுதேன்னு கொழுந்தன் கேட்டாரு, மாட்டேன்னு சொல்லிட்டேன். சாதர் போட்டாச்சுன்னு நீங்க எழுதிட்டீங்களாம். அந்தக் காயிதத்தோட நகல தாசில் ஆபீஸ்ல குடுத்து, நிலத்தத் தன் பேருக்கு மாத்தக் கேட்டிருக்காரு."

அப்போதுதான் விஷயம் முழுசாக உறைத்தது. டெல்லிக் கிராமங்களுக்கான பழைய நிலச் சட்டப்படி, விதவை மறுமணம் செய்துகொண்டால் அந்த நிலம் இறந்தவனின் அடுத்த ஆண் வாரிசுக்குப் போகும் என்று வாதாட வழி இருந்தது. கல்யாணம் நடந்ததற்கு அவரிடம் வேறு சாட்சி எதுவும் இல்லை. ஊர் கூடி, ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு, அரசு அதிகாரி ஒருத்தி சான்று சொன்ன என் பட்டியல்தான் அவருடைய ஒரே சாட்சி.

"ரெண்டாயிரம் ரூவா வராட்டி போகட்டும். வயலு போச்சுன்னா நானும் எம் மவளும் எங்க போவோம்? பத்தாங் கிளாஸ் படிக்கா" என்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன், வெட்கத்தில்.

"சௌபால்ல வாசிச்சப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் என் முட்டாள்தனம் எனக்கே தெரிந்துவிட்டது. அந்த ஊர்களில் மருமகள்கள் சௌபாலுக்கு முன்னால் நடந்துகூடப் போக மாட்டார்கள், சுற்றிக்கொண்டு போவார்கள். நான் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன், ஆண்கள் எனக்கு எழுந்து வணக்கம் சொன்னார்கள். அத்தனை தடவை வாசித்ததில், அந்த இடத்தில் இருக்கும் ஒரே பெண் நான்தான் என்பதை ஒரு தடவைகூட நான் கவனிக்கவில்லை. என்னையும் ஆண்களோடு சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

சக ஊழியர் ஒருவர் நல்ல எண்ணத்தோடு வழி சொன்னார்: "கம்ப்யூட்டர் தப்புன்னு எழுதி பேர மறுபடி சேத்துருங்க. யாரு கேக்கப்போறா?" செய்திருந்தால் பணம் வந்திருக்கும். ஆனால் தாசில் அலுவலகத்தில் கிடக்கும் நகல் அப்படியே செல்லுபடியாகியிருக்கும். நேகி சாரிடம் போனேன். அவர் ஜன்னலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என் டைரியைக் கொண்டுவரச் சொன்னார். 'மஹாவீர் வீடு' என்று மூன்று இடத்தில் இருந்ததைப் பென்சில் முனையால் தொட்டுக் காட்டினார்.

"டீ குடுத்த கையப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"கையில என்ன இருந்துச்சு?"

திரையைத் தாண்டி நீண்ட அந்தக் கை எனக்கு நினைவுக்கு வந்தது. மெலிந்த மணிக்கட்டு. "ஒண்ணும் இல்ல சார். வளையலே இல்ல" என்றேன். புதிதாகக் கல்யாணம் ஆனவள் என்று நான் உரக்க வாசித்த பெண்ணின் கை அது. வளையல் இல்லாத கை என்ன சொல்லும் என்பது தென்காசியில் பிறந்த எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பார்த்துக்கொண்டே டீயைக் குடித்திருக்கிறேன்.

நேகி சார் டைரியை மூடினார். "நான் உங்க உத்தரவ ரத்து பண்ணா, மேலதிகாரி ஏதோ சொல்லிட்டாருன்னு ஆகும். தப்புன்னு நீங்களே எழுதுனா அத யாராலயும் மறுக்க முடியாது. ஆனா உங்க மேல நடவடிக்கை வரும். யோசிச்சுட்டு நாளைக்கு வாங்க" என்றார்.

அன்று வீட்டில் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், "பென்ஷனுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. கடைசி நேரத்துல குற்றப் பத்திரிகை கையில குடுத்தா என்ன செய்வே?" மோர் ஊற்றிக்கொண்டு மறுபடி அவரே சொன்னார்: "எப்படியும் எழுதத்தான் போறே, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எழுதிட்டு வரும்போது ஐ.என்.ஏ. மார்க்கெட்ல இறங்கி நல்லெண்ணெய் வாங்கிட்டு வா." முப்பது வருட வாழ்க்கையில் அவர் எனக்குச் சொன்ன மிகப் பெரிய தைரியம் அதுதான்.

மறுநாள் எழுதினேன். அந்தக் குறிப்பு எனக்கு இன்றும் மனப்பாடம். 'பிம்லா தேவி தொடர்பான என் விசாரணை தவறானது. நான் அவரைச் சந்திக்கவில்லை. பட்டியலை வாசித்த இடத்தில் ஊர்ப் பெண்கள் யாரும் இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. மறு விசாரணை செய்ய அனுமதி வேண்டுகிறேன்.' கடைசியில் 'மிகவும் வருந்துகிறேன்' என்றும் எழுதியிருந்தேன். நேகி சார் அதைப் பென்சிலால் வட்டமிட்டு, "வருத்தத்த நீங்க வச்சுக்கோங்க, ஃபைலுக்கு எதுக்கு?" என்றார். அடித்தேன். 'அனுமதி' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பெண்களை எங்கே பிடிப்பது என்று பிம்லாவிடமே கேட்டேன். ஊருக்குப் பின்னால் ஒரு திடல் உண்டு. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் அங்கே வந்து வறட்டி தட்டுவார்கள். ஆண்கள் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். ஜனவரி மாதம். கடுகு பூத்திருந்தது. வறட்டி அடுக்குகளுக்கு நடுவில், முக்காடு இல்லாத முகங்களை முதல் தடவையாகப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேல் வரை சாணியோடு இருபது முப்பது பேர். நாற்காலி இல்லை. நின்றுகொண்டே முதல் பெயரிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

மூன்றாவது பெயரிலேயே சிரிப்பு எழுந்தது. "அவனா? அவன் குர்காவ்ல கார் விக்கான். நிலத்த வித்து மூணு வருஷம் ஆச்சு!" என்றாள் ஒருத்தி. "அடுத்தவரு செத்துட்டாரு, மவன்லா பணத்த எடுக்கான்" என்றாள் இன்னொருத்தி. "எங்க வீட்டுப் பேர ஏன் வாசிக்கல?" என்று ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாள். பார்த்தால் அவள் பெயர் உண்மையிலேயே விட்டுப்போயிருந்தது. சௌபாலில் நான் பெருமையாக வாசித்து ஒரு ஆட்சேபணையும் வராத பட்டியல் அது. எழுதி எழுதிக் கை வலித்தது. எனக்கு அவமானமாகவும் இருந்தது, உற்சாகமாகவும் இருந்தது.

பிறகு அந்த வரி வந்தது. "பிம்லா தேவி, மஹாவீரின் மனைவி." மற்றப் பெயர்களைப் போலவே உரக்க வாசித்தேன்.

ஓரத்தில் இருந்த பெண் ஒருத்தி, "சாதர் போட்டா வீட்டு வீட்டுக்குப் பதாஷா வரும். எங்க வீட்டுக்கு வரல" என்றாள். பதாஷா என்பது சர்க்கரை மிட்டாய். சாதர் போட்ட அன்றே ஊர் முழுக்கப் பங்கிடுவார்கள். "எங்க வீட்டுக்கும் வரல" என்றாள் அடுத்தவள். "பாட்டுப் பாடக் கூப்பிடல." "எங்களயும் கூப்பிடல." ஒவ்வொருத்தியாகக் கேட்டேன், வீட்டு எண்ணோடு எழுதினேன். அந்த ஊரில் ஒரு வீட்டுக்கும் பதாஷா போகவில்லை.

மஹாவீரின் தாயும் அங்கே இருந்தாள். யாரையும் பார்க்காமல் தட்டிக்கொண்டே இருந்தாள். அவளிடம் கேட்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பெற்றவளிடம் மகனுக்கு எதிராக எப்படிக் கேட்பது? ஆனாலும் கேட்டேன்.

"அவன் எம் மவன்" என்றாள். கையிலிருந்த சாணி உருண்டையைத் தரையில் வைத்தாள். "சாதர்னா என் கையால போடணும். நான் போடல. போட்டுக்கிடுதியான்னு அவகிட்ட நானும் கேட்டேன். மாட்டேன்னுட்டா. மாட்டேன்னு சொன்னவ தலையில எப்படிப் போட முடியும்? எழுதிக்கோ."

தொட்டியில் கையைக் கழுவிவிட்டு வரிசையாக வந்து கைநாட்டு வைத்தார்கள். கழுவியும் போகாத சாணியால் சில ரேகைகள் லேசான பச்சையாக விழுந்தன. முதல் ரேகை அந்தத் தாயுடையது.

திரும்பும்போது சௌபால் வாசலில் மஹாவீர் நின்றிருந்தார். முன்பு போலவே மரியாதையாகத்தான் பேசினார். "மேடம் ஜி, எங்க வீட்டு டீயக் குடிச்சிட்டு எங்களுக்கே இப்படிச் செய்யலாமா?"

"நான் குடிச்சது அவ போட்ட டீ. அதுக்குத்தான் இப்ப நன்றி செலுத்துதேன்" என்றேன். வாழ்க்கையில் பல இடங்களில் சரியான பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தோன்றும். அன்று மட்டும் அங்கேயே தோன்றியது. இன்றும் நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

என் அறிக்கையும் தப்பை ஒப்புக்கொண்ட குறிப்பும் தாசில் அலுவலகத்துக்குப் போயின. அடுத்த விசாரணையில் மஹாவீர் தன் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நிலம் பிம்லா பெயரிலேயே இருந்தது. நின்றுபோன உதவித்தொகையும் வந்தது. எனக்கு வந்தது ஓர் எச்சரிக்கைக் கடிதம்: 'கடமையில் கவனக்குறைவு.' என் பணிப் பதிவேட்டில் இருக்கும் ஒரே கறுப்புப் புள்ளி அது. பாராட்டுக் கடிதங்களும் சில வாங்கியிருக்கிறேன், அவை எங்கே கிடக்கின்றனவோ தெரியாது. இந்தக் கடிதத்தின் நகலை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மகளுக்கும் காட்டியிருக்கிறேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், என் வேலைக் காலத்தில் நான் செய்த உருப்படியான காரியத்துக்கு அதுதான் ரசீது.

அதற்கடுத்த வாரம் நேகி சார் ஒரு வரியில் உத்தரவு போட்டார்: பட்டியல் இனி ஒவ்வொரு ஊரிலும் இரண்டு இடங்களில் வாசிக்கப்பட வேண்டும், ஒன்று பெண்கள் கூடும் இடமாக இருக்க வேண்டும். பிறகு என் டைரியை வாங்கி, மேஜையில் வைத்து, ஸ்கேலைப் பிடித்து மெதுவாக இன்னொரு கோடு இழுத்தார். அந்தக் கட்டத்தின் தலையில் அவர் கையாலேயே எழுதினார்: 'டீ போட்டவர் பெயர்.' அடுத்த வருடம் அச்சடித்த டைரியில் அதுவும் அச்சாகி வந்தது. அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை, எந்த வீட்டில் டீ குடித்தாலும் எழுந்து உள்ளே போய்ப் பெயர் கேட்டேன். எத்தனை பெயர்கள்! பாதிப் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாதவை.

இவ்வளவையும் பூஜாவிடம் போனில் சொன்னேன். இந்தப் பெண்களுடைய மொபைல் யார் கையில் இருக்கிறது, முகத்தைக் காட்டச் சொல்லும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஆப்புக்குத் தெரியாதே என்றும் சொன்னேன். அவள் கெட்டிக்காரி. வாதாடவில்லை. "டைரி நிக்கிறதுக்குள்ள அந்த ஊருக்கு ஒரு தடவ போயிட்டு வாரேன் மேம்" என்று மட்டும் சொன்னாள்.

நேற்று வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். டூர் டைரியின் ஒரு பக்கம். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தேன். பட்டியல் வாசித்த இடங்கள்: சௌபால், வறட்டித் திடல். டீ குடித்த இடம்: பிம்லா தேவி வீடு, வாசல் அறை. அடுத்த கட்டத்தில் பூஜாவின் குண்டுக் கையெழுத்தில் இருந்தது:

'டீ போட்டவர் பெயர்: மஹாவீர். பிம்லா தேவியின் நிலத்தைப் பங்குக்கு உழுபவர்.'